கிளட்ச் சார் வாங்கிய விமானம்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி வைத்திருந்த அந்த மனிதருக்கு ஊரே சேர்ந்து வைத்த பெயர் கிளட்ச் சார். பக்கத்தில் உட்கார்ந்து தடுமாறுகிறவர்களைப் பார்த்து நாளுக்கு நூறு தடவையாவது "கிளட்ச், கிளட்ச்!" என்று கத்துவதுதான் அவர் பிழைப்பு. இருபத்தாறு வருஷமாக அவர் உட்கார்ந்திருந்தது ஸ்டீயரிங் இல்லாத பக்கத்து சீட்டில். அந்தப் பக்கம் அவருக்கென்று இருந்தது காலடியில் ஒரு தனி பிரேக் மட்டும்தான். சினிமா பார்க்கப் போனால்கூட, திரையில் கார் வேகமாக வந்தால் அவர் வலது கால் தரையை அழுத்தும்.

அவர் மனைவி லாரித் தார்ப்பாயும் கார் சீட் உறையும் தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தாள். முப்பது வருஷ அனுபவம். ஒரு துணியை விரலால் தடவிப் பார்த்தே அது எத்தனை கோடை வெயிலில் கிடந்தது என்று சொல்லிவிடுவாள். சொன்னது தப்பாகப் போனதில்லை.

ஐம்பத்து மூன்று வயதில் கிளட்ச் சாருக்குப் பறக்கும் ஆசை வந்தது. ஊருக்கு வெளியே புல்தரையில் நடக்கும் ஒரு கிளப்பில் சேர்ந்தார். ஞாயிறு தவறாமல் இரண்டு வருஷம் படித்து, மைக்ரோலைட் ஓட்டுவதற்கு உரிமமும் வாங்கிவிட்டார். விமானம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மேலே துணியால் ஆன ஒரு பெரிய இறக்கை. அதன் கீழே தொங்கும் ஒரு மூன்று சக்கர வண்டி. அதில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சீட்டு, அதற்குப் பின்னால் ஒரு என்ஜின். கதவு கிடையாது, கூரை கிடையாது, தரைகூடப் பேருக்குத்தான்.

அவள் தடுக்கவில்லை. "வாழ்நாள் முழுக்க அடுத்தவன் ஓட்டுற வண்டியில உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற மனுஷன். தானே ஒண்ணை ஓட்டணும்னு ஆசை வராதா?" என்று தன் தங்கையிடம் அவருக்காகப் பரிந்து பேசினாள். ஆனால் அவர் சொந்தமாக ஒன்று வாங்கப் போகிறேன் என்றதும் அவளுக்கு மனம் ஒப்பவில்லை. கிளப் விமானத்தைப் பார்த்துக்கொள்ள நாலு பேர் இருந்தார்கள். யாரோ ஓட்டித் தேய்த்ததை வாங்கி, இவரே துடைத்து, இவரே முடுக்கி, இவரே ஏறிப் போவதென்றால்?

காலைச் சாப்பாட்டுத் தட்டுக்கும் தண்ணீர் டம்ளருக்கும் நடுவே தினமும் ஒரு போன் படம் நீண்டது. "இதைப் பாரேன்." மறுநாள் வேறொன்று. "சரி, இதையாவது பாரேன்." ஒரு நாள் சிவப்பு நிறத்தில் ஒன்று வந்தது. அதைக் காட்டும்போது அவர் குரல் இறங்கிப் போயிருந்தது. ஆள் விழுந்துவிட்டார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஞாயித்துக்கிழமை பார்க்கப் போறீங்களா? நானும் வரேன்."

"நீயா?" அவருக்கு வாயெல்லாம் பல். "நிஜமாவா?"

அவர் சந்தோஷத்தைப் பார்க்க அவளுக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சியாகத்தான் இருந்தது. வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு காரணம் கண்டுபிடிக்கத்தான் அவள் போவதாக இருந்தாள்.

சிவப்பு விமானத்தின் சொந்தக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அவர் கொட்டகை கடையைப் போலவே பளபளத்தது. விமானமும் அப்படித்தான். ஒவ்வொரு குழாயும் மின்னியது. என்ஜின் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டு சீராக ஓடியது. கிளட்ச் சார் சக்கரத்தை உதைத்துப் பார்த்தார், கம்பிகளைச் சுண்டிப் பார்த்தார், பதிவேட்டைப் புரட்டினார். எல்லாவற்றையும் முறைப்படிதான் செய்தார். ஆனால் மனசுக்குள் எப்போதோ வாங்கி முடித்துவிட்டார் என்பது முகத்தில் எழுதியிருந்தது.

அவள் இறக்கையின் அடியில் போய் நின்றாள். என்ஜினைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. துணி தெரியும். தையல் வரிசையில் கட்டைவிரல் நகத்தை வைத்து மெல்ல ஓட்டினாள். நகத்தின் நுனியில் மாவு போல ஏதோ ஒட்டியது. இறக்கையின் ஓரத்தில் இருந்த ஒரு மடிப்பைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே ரத்தச் சிவப்பு. வெளியே அதைவிட ஒரு படி வெளிர்.

"இது வெளியில நிறுத்தியிருந்ததுங்களா?"

"ஒரு நாள்கூட இல்லம்மா. வாங்கினதுலேர்ந்து இதே கொட்டகைதான்" என்றார் கண்ணாடிக்காரர். பொய் சொல்கிற முகமாக இல்லை.

அவள் அண்ணாந்து பார்த்தாள். வெளிச்சத்துக்காகக் கூரையில் நீளமாக ஒரு கண்ணாடித் தகடு பதித்திருந்தார்கள். வெயில் அதன் வழியாக இறங்கி, சரியாக இறக்கையின் இடது பாதி மேல் படுத்துக் கிடந்தது.

"ஏங்க, கிளப்புல ஒரு ஊசித் தராசு குடுத்தாங்களே, எங்கே?"

அது துணியைச் சோதிக்கிற கருவி. நுனியில் ஒரு ஊசி, அதற்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங். தையலில் ஊசியைக் கோத்து இழுத்தால், குறித்த கோடுவரை நூல் தாங்க வேண்டும். கிளட்ச் சார் அதைக் கார் டிக்கியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். "அவர் தப்பா நினைச்சுக்குவாரேன்னு..." என்று இழுத்தார். அவள் பார்த்த பார்வையில் போய் எடுத்து வந்தார்.

வலது பக்கத்தில் நூல் தாங்கியது. இடது பக்கத்தில் ஊசியைக் கோத்து அவள் இழுத்தாள். கோட்டுக்குப் பாதி தூரம்கூடப் போகவில்லை, நூல் சத்தமே இல்லாமல் அறுந்தது. ஓர் அடி தள்ளி இன்னொரு தையல். அதுவும் அறுந்தது.

கண்ணாடிக்காரர் அங்கே கவிழ்த்து வைத்திருந்த ஒரு பக்கெட்டின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "போன வாரம் எங்க அக்காவை இதுல ஏத்திக்கிட்டுப் போனேன்மா" என்றார். அவள்தான் காரில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்து குடிக்கக் கொடுத்தாள். கிளம்பும்போது அவர் வாசல்வரை வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

திரும்பும்போது அவள்தான் காரை ஓட்டினாள். எப்போதும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமையிலும் கிளட்ச் சாருக்குப் பக்கத்து சீட்டுதான் தோதாக இருந்தது. வழக்கமாக, "இண்டிகேட்டர்... கண்ணாடியைப் பாரு... எதுக்கு இப்ப அவசரம்?" என்று விடாமல் பாடம் நடத்திக்கொண்டே வருவார். அன்று நாற்பது கிலோமீட்டருக்கு ஒரு வார்த்தை இல்லை. அவள் வேண்டுமென்றே ஒரு திருப்பத்தில் இண்டிகேட்டர் போடாமல் திருப்பிப் பார்த்தாள். அதற்கும் இல்லை.

கடைசியில் ஊர் எல்லையில் சிக்னலுக்கு நின்றபோது வாயைத் திறந்தார்.

"நீ வேண்டாம்னு சொல்லத்தான் வந்தே."

"ஆமா" என்றாள் அவள். மறைத்துப் பழக்கமில்லை. "வேண்டாம்னு சொல்லத்தான் வந்தேன். அதுக்காக அந்த நூலை நானா போய் உளுத்துப்போக வெச்சேன்?"

பச்சை விழுந்தது.

அதன்பிறகு மூன்று வாரம் காலைச் சாப்பாட்டு மேஜைக்குப் படம் எதுவும் வரவில்லை. கிளப்புக்குக்கூட ஒரு ஞாயிறு போகவில்லை. முழங்கால் வலி என்றார். வெளியூரில் இருந்த மகள் போன் செய்து, "அம்மா, அப்பா ஏன் ஒத்தை வார்த்தையில பேசறாரு?" என்று கேட்டாள். "விமானம் வாங்கிக் குடுக்கலை, அதான் கோவம்" என்று அவள் சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். போனை வைத்த பிறகு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எதிரே தட்டில் தலையைக் குனிந்து சாப்பிடுகிற மனிதரைப் பார்க்க என்னவோ போல இருந்தது. நீட்டிய படங்களை ஒழுங்காக ஒன்றைக்கூடப் பார்த்ததில்லையே என்று தோன்றியது.

பட்டறையில் மத்தியான இடைவேளையில், தார்ப்பாய் மூட்டை மேல் சாய்ந்துகொண்டு, அவளே போனில் தேட ஆரம்பித்தாள். எல்லா விளம்பரமும் ஒரே மாதிரி. புத்தம் புதுசு போல, ஒரு கீறல் இல்லை, பார்த்தால் விடமாட்டீர்கள். ஐந்தாம் நாள் ஒன்று கண்ணில் பட்டது. படம் கோணலாக எடுத்திருந்தது. காய்ந்த மஞ்சள் நிறம், இறக்கையில் தெரியும்படி ஓர் ஒட்டு. அதன் கீழே பன்னிரண்டு வரி. "முன் சக்கரத்தின் மூடி உடைந்தது. பின் சீட்டின் உறை கிழிசல். குளிரில் இரண்டு தடவை இழுத்தால்தான் ஸ்டார்ட் ஆகும். ஒரு தடவை வேலியில் மோதி இறக்கை கிழிந்து தைக்கப்பட்டது, சான்றிதழ் இருக்கிறது..." பன்னிரண்டும் குறைகள். நல்லதாக ஒரு வார்த்தை கிடையாது.

அவள் மறுபடியும் ஒரு தடவை படித்துவிட்டு, அந்த எண்ணுக்குப் போன் போட்டாள்.

அன்று சாயங்காலம் தட்டுக்கும் டம்ளருக்கும் நடுவே தன் போனை நீட்டினாள். "இதைப் பாருங்களேன்."

கிளட்ச் சார் படத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "அசிங்கமா இருக்கே" என்றார். ஆனால் மூன்று வாரத்தில் முதல் தடவையாக இன்னொரு கரண்டி சோறு போடச் சொன்னார்.

மஞ்சள் விமானத்தின் சொந்தக்காரி ஒரு கால்நடை மருத்துவர். அறுபதை நெருங்கும் ஒல்லியான அம்மாள், கால்முட்டி வரை ரப்பர் பூட்ஸ். அவர் மருத்துவமனைக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் விமானம் நின்றது. குதிரைகளுக்கு அறுவை சிகிச்சை செய்ய அந்தக் கொட்டகை தேவைப்பட்டதால் விற்கிறாராம்.

"வாங்க. முதல்ல குறையெல்லாம் பார்த்துடுங்க" என்று கையோடு அழைத்துப் போனார். விளம்பரத்தில் எழுத மறந்த பதின்மூன்றாவது குறை ஒன்றையும் காட்டினார். விமானத்தை விற்கிறாரா, வாங்க வந்தவரை விரட்டுகிறாரா என்று கிளட்ச் சாருக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

இந்தத் தடவை ஊசித் தராசு அவள் கைப்பையிலேயே இருந்தது. ஏணி போட்டு இறக்கை முழுக்க இருபது இடத்தில் இழுத்துப் பார்த்தாள். ஒரு நூல் அசையவில்லை. ஒட்டுப் போட்ட இடத்தில் நெடுநேரம் நின்றாள்.

"யார் தைச்சது?"

"இறக்கை தைக்கிற ஒருத்தர்கிட்ட அனுப்பினேன். ஏன், சரியில்லையா?"

"கை அழகில்ல. வரிசை கோணிப்போச்சு. ஆனா நூல் சரியான நூல், தையல் போட்ட இடமும் சரியான இடம்" என்றாள். அவள் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த கிளட்ச் சாருக்கு அது தெரியும். மூச்சை விட்டார்.

"சரி, ரெண்டு பேரும் வந்து நில்லுங்க" என்றார் டாக்டரம்மா.

"எங்கே?"

"எடை பார்க்க."

கன்றுக்குட்டிகளை நிறுக்கும் தராசு அது. தரையோடு தரையாக ஒரு அகலமான பலகை, சுவரில் எண். கிளட்ச் சார் வயிற்றை எக்கிக்கொண்டு ஏறினார். வயிற்றை எக்கினால் தராசு ஏமாறுமா? நூற்று மூன்று. அவள் ஏறினாள். அறுபத்தெட்டு. டாக்டரம்மா சுவரில் மாட்டியிருந்த பலகையில் சாக்பீஸால் கூட்டிக் கழித்தார்.

"நீங்க ரெண்டு பேரும் ஏறினா, மிச்சம் பத்து கிலோ பெட்ரோலுக்குத்தான் இடம். அதுல பாதியை ஆபத்துக்குன்னு வெச்சுட்டா அரை மணி நேரம் பறக்கலாம். அதுக்கு மேல பறக்கக் கூடாது. தனியா பறக்கவா வாங்குறீங்க, இல்ல ஜோடியாவா?"

கிளட்ச் சார் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தனியான்னா சொல்லுங்க. இதே விலைக்கு ஒத்தை சீட் மெஷின் இதைவிடப் புதுசா கிடைக்கும். எடையைப் பத்தி யோசிக்கவே வேண்டாம். எனக்கு வித்தாகணும்தான், அதுக்காக உங்களுக்குச் சொல்லாம இருக்க முடியாது."

"தெரியும் டாக்டரம்மா. நல்லது மூணு நாலு பார்த்தேன்."

"அப்புறம் என்ன?"

"பின்னாடி சீட் வேணும்."

"யாருக்கு?"

அவர் செருப்பில் ஒட்டியிருந்த வைக்கோலைக் காலால் தேய்த்தார். "அவ ஏறமாட்டா. அது எனக்குத் தெரியும். இருந்தாலும் சீட் இருக்கணும்."

அவள் எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த மாட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாட்டின் ஒவ்வொரு உறுப்புக்கும் கோடு போட்டுப் பெயர் எழுதியிருந்தது. ஒன்றையும் அவளால் படிக்க முடியவில்லை. எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. தினமும் இந்த மனுஷன் போனில் படம் காட்டினாரே, அத்தனை படத்திலும் இரண்டு சீட்டு இருந்ததை ஒரு நாளாவது கவனித்தாளா?

டாக்டரம்மா தொண்டையைச் செருமினார். "வாங்க சார், முதல்ல நீங்க ஒரு சுத்து வாங்க" என்று அவரை அழைத்துக்கொண்டு போனார். மருத்துவமனைக்குப் பின்னால் இருந்த புல்வெளிதான் ஓடுபாதை. பதினைந்து நிமிஷம் கழித்து விமானம் இறங்கியது. கிளட்ச் சாரின் கன்னமெல்லாம் காற்றில் சிவந்திருந்தது. "என்ஜின் சத்தம்தான் கொஞ்சம் முரடு. மத்தபடி சொன்ன பேச்சைக் கேக்குது" என்றார். அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைப்பதற்குள் அவள் கை நீட்டினாள்.

"அதை இங்கே குடுங்க."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? வாங்கப் போற பொருளைப் பார்க்க வேண்டாமா?"

கிளட்ச் சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டாக்டரம்மா, "ஏறட்டும் விடுங்க" என்று அவரை ஓரமாகத் தள்ளிவிட்டு, தானே முன் சீட்டில் ஏறினார். பின் சீட்டில் உட்கார்ந்தால் முன்னால் இருப்பவரின் இடுப்பை முழங்கால் இரண்டும் அணைத்துக்கொள்ளும். அவள் பெல்ட்டை இழுத்துப் பூட்டினாள். இறங்கிவிடலாம் என்று நினைத்தபோது புல்தரை ஓட ஆரம்பித்துவிட்டது. நாலு குதி, ஐந்தாவது குதி வரவே இல்லை.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். காற்று முகத்தில் அறைந்தது. பெட்ரோல் வாடை அடித்தது. காதில் மாட்டியிருந்த ஹெட்போனில், "கீழே பார்க்க வேண்டாம்மா. மேலே பாருங்க" என்றது டாக்டரம்மாவின் குரல்.

மேலே பார்த்தாள். வெயில் துணியின் வழியாக இறங்கி, தையல் வரிசை ஒவ்வொன்றும் கருங்கோடாகத் தெரிந்தது. தரையில் தொளதொளவென்று இருந்த துணி இப்போது முரசுத் தோல் போல விறைத்து நின்றது. கோணல் ஒட்டும்கூட மற்ற துணியோடு சேர்ந்து தன் பங்கு பாரத்தைச் சுமந்தது. முப்பது வருஷமாக அவள் தைத்ததெல்லாம் பொருளை அழுத்திப் பிடிப்பதற்கான துணி. காற்று கிளப்பிவிடாமல், பறந்துவிடாமல், லாரியோடு லாரியாகக் கட்டி வைப்பதற்கு. துணியும் நூலும் சேர்ந்தால் இரண்டு பொம்பளைகளை ஆகாசத்தில் தூக்கி வைக்கும் என்று அவள் யோசித்ததே இல்லை. பிறகு மெல்லக் கீழே பார்த்தாள். ஒரு மாடு, அதன் நிழல், வேலிக்குப் பக்கத்தில் அண்ணாந்து நிற்கும் ஒரு குண்டு மனிதர். அவளுக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. சிரித்தாள். டாக்டரம்மாவும் சேர்ந்து சிரித்தார்.

இறங்கியதும் கிளட்ச் சார் ஓடி வந்தார். "என்ன? எப்படி? பயந்துட்டியா?"

"பின் சீட் உறை கிழிஞ்சிருக்கு" என்றாள் அவள். "நம்ம பட்டறையில நானே தைச்சுடறேன். பணத்தைக் குடுத்துட்டு வாங்க."

விமானத்தை இறக்கையை மடித்து டிரெய்லரில் ஏற்றிக் கிளப்புக்குக் கொண்டுவந்தார்கள். டாக்டரம்மா ஒரு வாரம் தினமும் போன் செய்து, அது நன்றாக இருக்கிறதா என்று விசாரித்தார், கன்றுக்குட்டியை விற்றுவிட்டவர் போல. அவள் பின் சீட்டுக்குக் கறுப்பு ரெக்ஸினில் இரட்டைத் தையல் போட்டு உறை தைத்தாள். கிளட்ச் சார் ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்தார். கேட்டால் பசியில்லை என்றார். அவர் எடையைக் குறைத்துப் பெட்ரோலுக்கு இடம் பண்ணுகிறார் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியாத மாதிரி விட்டுவிட்டாள்.

முதல் ஞாயிறு மழை. இரண்டாவது ஞாயிறு காற்று. மூன்றாவது ஞாயிறு கிளப் இன்ஸ்பெக்டர் விமானத்தை நட்டு நட்டாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அன்று கிளட்ச் சார் தனியாக ஆறு தடவை ஏறி இறங்கினார். நாலாவது ஞாயிறு காலை ஒரு இலைகூட ஆடவில்லை. இரண்டு பேரும் ஏறினார்கள்.

ஊருக்கு மேல் ஒரு சுற்று வந்தார்கள். பயிற்சிப் பள்ளியின் சின்ன வெள்ளைக் கார்கள், பட்டறையின் தகரக் கூரை, பள்ளிக்கூடம், ரயில் பாதை. முன்னால் இருந்தவர் முதுகு இரும்பு போல விறைத்திருந்தது. அவளைப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டுகிற பயம். அவள் முழங்காலால் அவர் இடுப்பை மெல்ல இடித்தாள்.

"என்ன? என்ன ஆச்சு?" ஹெட்போனில் அவர் குரல் பதறியது. "பயமா இருக்கா? இறங்கிடலாமா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. அதோ பாருங்க, நம்ம வீடு."

"எங்கே? ஆமா! நம்ம வீடுதான்!"

"மாடியில தண்ணித் தொட்டி மூடி திறந்து கிடக்கு."

கிளட்ச் சார் எட்டிப் பார்த்தார். உண்மைதான். மூடி ஒரு மூலையில் கிடந்தது. தொட்டிக்குள் தண்ணீர் வெயிலில் மினுமினுத்தது. "எத்தனை நாளா கிடக்குதோ" என்றார் கவலையாக.

"காக்கா குளிச்ச தண்ணியிலதான் இத்தனை நாளும் சமைச்சிருக்கோம்" என்றாள் அவள்.

அவர் தோள்கள் குலுங்கின. விறைத்திருந்த முதுகு தளர்ந்தது. மூடியைப் பார்க்க வேண்டும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு மேல் இன்னும் இரண்டு தடவை சுற்றினார்.